மெட்டு ஏறாத வண்டி

செப்டம்பர் 3

வண்டி இழுக்கவில்லை. ஏழாவது வளைவில் மூச்சு வாங்கி, முதல் கியருக்கு இறக்கித்தான் ஏற்ற முடிந்தது. பின்னால் வந்த ஜீப்காரப் பையன் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனான். போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான். முப்பது வருடமாக இந்த மலைமெட்டு ஏறுகிறேன். என்னிடம் கையாட்டிவிட்டு முந்தியவன் இதுவரை கிடையாது.

இந்த டைரி ஏலக்காய் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை நாள் ஆயில் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி மட்டும்தான் இதில் இருந்தன. வண்டிக்கு என்ன நோய் என்று பிடிபடும்வரை நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. மெக்கானிக் சிக்கந்தர் பாய் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வார். எழுதி வைத்திருந்தால் படித்துக் காட்டிவிடலாம்.

என் பிழைப்பு இதுதான். விடியுமுன் சிலமலையில் தோட்டவேலைப் பெண்களை ஏற்றி, போடி வழியாக முந்தல் போய், அங்கே மலையடியைத் தொட்டு, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்குவேன். பகலில் உரமூட்டை, ஏலக்காய் மூட்டை. மாலையில் திரும்ப அவர்களையே ஏற்றிக்கொண்டு இறங்குவேன். சரக்கு பிக்கப்பில் ஆள் ஏற்றக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. தோட்டத்துக்குப் போக அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? ஆறாவது வளைவில் ஒரு ஜீப் உருண்டதே, அதில் இவர்களில் ஒருத்தியான செவனம்மாளின் தங்கை போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு செவனம்மாள் என் வண்டி தவிர வேறெதிலும் கால் வைத்ததில்லை. அவள் பின்னால் மற்ற பெண்களும் வந்தார்கள். "காசியண்ணன் வண்டின்னா தூங்கிக்கிட்டே போகலாம்" என்பாள். நிஜமாகவே தூங்குவார்கள். முந்தல் தாண்டினால் பின்னால் பேச்சே கேட்காது.

செப்டம்பர் 4

ஏர் ஃபில்டர் மாற்றினேன். ஒன்றும் பலனில்லை.

செப்டம்பர் 6

ஞாயிறு. தோட்டம் லீவு. வண்டியை பாய் கடைக்குக் கொண்டுபோனேன். போடியில் டீசல் பம்ப் என்றால் சிக்கந்தர் பாய்தான். நான் கிளீனராக இருந்த காலத்திலிருந்து பழக்கம்.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் எங்காவது கிழிந்து காற்று போகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிப் பார்த்தார். டர்போவின் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு தானே ஏறி முந்தல் வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"நல்லாத்தானப்பா இழுக்குது."

"வெறும் வண்டி இழுக்கும் பாய். ஆள் ஏத்திப் பாருங்க, தெரியும்."

"உரமூட்டை பின்னால அப்படியேதான கெடக்கு?"

ஆமாம், கிடந்தது. நான் விடவில்லை. டீசலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அந்தக் காற்றுக்குத் தக்கபடிதான் பம்ப் டீசல் கொடுக்க வேண்டும், காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டினால் பாதி எரியாமல் கரும்புகையாகப் போகும், மீதி சூடாகும் என்று எனக்கே பாடம் எடுத்தார். தெரியாதா எனக்கு! கடைசியில் பம்பிலுள்ள திருகை ஒரு கால் சுற்று திருப்பினார். டேஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீட்டரும் மாட்டினார். டர்போ எவ்வளவு காற்றுத் தள்ளுகிறது என்று முள் காட்டும். அவர் ஓட்டும்போது பதினாலு பவுண்டுக்குப் போனது.

வரும் வழியில் ரேஷன் கடையில் பருப்பு கேட்டேன். அடுத்த வாரமாம்.

செப்டம்பர் 9

புகை. வளைவுக்கு வளைவு கரும்புகை கிளம்பித் தார்ப்பாய்க்குள் போகிறது. இறங்கியதும் செவனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏண்ணே, எங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போறியா, கருவாடு போடக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இழுவை மட்டும் கூடவில்லை. மீட்டர் முள் எட்டு பவுண்டு தாண்ட மாட்டேன் என்கிறது. பாய் ஓட்டினால் பதினாலு, நான் ஓட்டினால் எட்டு. மீட்டரே ஓட்டை போலிருக்கிறது.

செப்டம்பர் 10

கம்பெனி கேட்டிலிருந்து டீக்கடை வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். டீக்கடைக்காரர்தான், "என்ன டிரைவரே, இன்னொன்ன அடகு வச்சிட்டீகளா?" என்று கேட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால் கேட்டுக்குப் பக்கத்திலேயே வலது செருப்பு கிடந்தது. வார் தளர்ந்த செருப்பு. இப்போதெல்லாம் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்?

செப்டம்பர் 14

மழை. ஏலக்காய் காயவில்லை என்று கம்பெனியில் மூட்டை இல்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரி ராமுத்தாயி என் சர்க்கரை மாத்திரைப் பேச்சை எடுத்தாள். மாத்திரை தீர்ந்து மாதக்கணக்காகிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அங்கே வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும். அதுவும் இல்லாமல் எனக்கு உடம்பு முன்னைக்கு இப்போது தேவலை. போன வருடம் முழுக்க இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரியும். ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த வருடம் அந்த எரிச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. மாத்திரையை விட்டது நல்லதாகத்தான் போயிற்று என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20

பாயோடு இன்று பெரிய வாக்குவாதம். புகையைக் குறைக்க வேண்டுமென்றால் கூட்டிய டீசலைக் குறைக்க வேண்டும் என்கிறார் அவர். காற்றைக் கூட்டுங்கள் என்கிறேன் நான். டர்போ அளவுக்கு மீறிச் சுற்றாமலிருக்க அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்று அழுத்தம் ஏறியதும் ஒரு கம்பி அந்தக் கதவைத் திறந்துவிடும். கம்பியின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், காற்று கூடும். லாரிக்காரர்கள் செய்யாததா?

"செய்யிறாய்ங்க. இன்ஜினும் வெந்து சாகுது. ஒன் வண்டிக்கு இது தேவையில்ல காசி. கம்பெனி செட்டிங்லயே அது மெட்டு ஏறும்."

"ஓட்டுறவன் நானா, நீங்களா?"

அவர் ஸ்பேனரை எடுத்தார். கம்பியைக் குறைத்தார். பம்பின் மேல் மூடியைத் திறந்து, காற்று ஏறும்போது டீசலும் சேர்ந்து ஏறுகிற மாதிரி உள்ளே இருப்பதைத் திருப்பி வைத்தார். சாயங்காலம் வரை வேலை. முடித்துவிட்டு, "பொகைக் கொழாய் ஒன் காலடியிலதான் போகுது. அடியில இருந்த தகரம் துருப்பிடிச்சு விழுந்து ஒரு வருசமாச்சு, மாத்தலையே நீ. இனிமே சூடு சாஸ்தியா வரும். செருப்புப் போட்டு ஓட்டு" என்றார்.

செருப்புப் போட்டு வண்டி ஓட்ட நான் என்ன சுற்றுலா வந்தவனா? ஏறும்போது செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளுவதுதான் என் பழக்கம். வண்டிக்கு மரியாதை என்பது ஒன்று. வெறுங்காலுக்குத்தான் மிதியின் பேச்சு புரியும் என்பது இன்னொன்று.

செப்டம்பர் 22

இழுத்தது! நேற்று மழை, இன்றுதான் சரியாகப் பார்க்க முடிந்தது. முதல் வளைவிலேயே டர்போ விசிலடித்துக்கொண்டு கிளம்பியது. ஏழாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்த ஜீப்காரப் பையனைப் பதினோராவது வளைவுக்கு முன்னால் முந்தினேன். நான் கையாட்டவில்லை. அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் வேண்டுமே!

பன்னிரண்டாவது வளைவில் முன்னால் போன தண்ணீர் லாரிக்கு மிக அருகில் போய்விட்டேன். லேசாகத்தான் மிதித்தேன், வண்டி பாய்ந்துவிட்டது. பிரேக்கில் நின்றது. பின்னால் தூக்குவாளிகள் உருண்ட சத்தம் கேட்டது. லாரிக்காரன் அப்படித் திடீரென்று மெதுவாக்கியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 25

பின்னால் இப்போதெல்லாம் யாரும் தூங்குவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் செல்போன் வந்துவிட்டது, தூக்கம் எங்கே வரும்.

செப்டம்பர் 29

கேபினில் ரப்பர் தீய்ந்த வாசனை. பார்த்தால் மிதிக்குக் கீழே விரித்திருந்த மேட் இளகித் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழித்தெடுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டில் கால் கழுவும்போது ராமுத்தாயி, "குதிங்கால்ல என்னங்க அது?" என்றாள். கிரீஸ் என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "கிரீஸ் இல்லைங்க, கொப்புளம். ஒடைஞ்சிருக்கு" என்றாள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டாள். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போட்டாள். சின்னக் கொப்புளம், அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

அக்டோபர் 5

காய்ச்சல். தொடை மடிப்பில் நெறிகட்டியிருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. வண்டியைத் தங்கமலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ராமுத்தாயிக்குத் தம்பி, முந்தலில் குடியிருக்கிறான். சொந்த வண்டி கிடையாது, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆக்டிங் டிரைவர். கை சுத்தம். ஆனால் ஹாரன் அடிக்காமல் வளைவு திரும்ப மாட்டான்.

சாயங்காலம் சாவியைக் கொடுக்க வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"என்னா மச்சான், வண்டிய இப்படிப் பண்ணி வச்சிருக்கீக? பேய் மாதிரி பாயுது. கால் வைக்கவே பயமா இருக்கு."

"ஒனக்குப் பழக்கமில்ல மாப்ள."

"நாலாவது வளைவுல தொட்டேன், அம்புட்டுத்தான். கைப்பிடிச் செவரு மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்குது. பொம்பளைக பூராம் சாமி கும்புடுதுக."

சின்னப் பையன், மிகைப்படுத்திப் பேசுவான். நான் ஓட்டும்போது இப்போதும் சில இடங்களில் மந்தமாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் பாய்கிறது. இன்னும் செட்டிங் சரியாக உட்காரவில்லை. காய்ச்சல் விட்டதும் பாயைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 11

பாய் கடை. மந்தத்தையும் பாய்ச்சலையும் சொன்னேன். அவர் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து பம்ப் பக்கம் குனிந்துகொண்டார்.

"முழுசா மிதி."

"மிதிச்சிட்டேன்."

"இன்னும்."

"தரையோட கெடக்கு பாய்."

பாய் பம்பிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு சுற்றி வந்து கதவைத் திறந்தார். குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு கிரீஸ் கையோடு என் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மிதி கீழே போனதைப் பார்த்தேன். நன்றாகவே கீழே போனது.

"கம்பி எளகியிருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கண்ண மூடு காசி. இப்ப நான் எந்தக் கால்வெரலப் பிடிச்சிருக்கேன், சொல்லு."

என்ன விளையாட்டு இது, ஐம்பத்தாறு வயதில்! கையைத் தட்டிவிட்டேன். ஆக்சிலேட்டர் கம்பியை மாற்றச் சொன்னேன். மாற்றினார். பழைய கம்பியை என் கையில் கொடுத்தார். அது இளகியிருந்த மாதிரி தெரியவில்லை. பார்த்தால் தெரியாது, சில கம்பிகள் அப்படித்தான்.

கிளம்பும்போது, "தங்கச்சிய நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். ராமுத்தாயியை அவர் எப்போதும் விசாரிப்பதுதான்.

அக்டோபர் 13

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கண்டன்சர் போய்விட்டது. மாற்றினேன்.

பாய் ராமுத்தாயிக்குப் போன் செய்திருக்கிறார். என்ன பேசினார் என்று கேட்டேன். நலம் விசாரித்தார் என்கிறாள். நலம் விசாரித்த போனுக்கு யாராவது கொல்லைப்புறம் போய் அழுவார்களா?

அக்டோபர் 19

ஆயுத பூஜை. காலையிலேயே வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். ராமுத்தாயி முன்னால் நின்று ஆரத்தி சுற்றினாள். "கொஞ்சமா முன்ன எடுங்க" என்றாள். பழம் நசுங்க ஒரு சாண் நகர்ந்தால் போதும். வருடா வருடம் செய்வதுதான்.

கிளட்சை விட்டேன். வலது காலை மிதியின் மேல் வைத்தேன். வைக்க மட்டும்தான் செய்தேன்.

வண்டி பாய்ந்தது. ஆரத்தித் தட்டு பம்பரில் பட்டுப் பறந்தது. ராமுத்தாயி சுவரோரம் விழுந்தாள். எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை, இன்ஜின் இடித்து நின்றது. இறங்கி ஓடினேன். இடது மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தூக்கினார்கள். அவள் சேலையெல்லாம் ஆரத்தித் தண்ணீர், சிவப்பாக. முதலில் அதை ரத்தம் என்று நினைத்துவிட்டேன்.

ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். புதுக் கம்பி, சிக்கும்தான். ராமுத்தாயி மட்டும் சுவரில் சாய்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21

பெரியாஸ்பத்திரி. அவளுக்கு எலும்பில் கீறல், மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு முடிந்ததும் எழுந்து வருவாள் என்று பார்த்தால், "இவரு காலையும் பாருங்கம்மா" என்று சர்க்கரை டாக்டரம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள் போல. தப்பிக்க வழியில்லை.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். குதிங்கால் புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். தெரியாது என்றேன். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் நரம்பு வைத்திருந்தார்.

"கண்ண மூடிக்கங்க. இதால பாதத்துல தொடுவேன். தொடுறப்ப சொல்லுங்க."

கண்ணை மூடினேன். கொஞ்சம் பொறுத்து, "தெரியுது" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தெரியுது" என்றேன். இத்தனைக்குள் தொட்டிருப்பார் என்று ஒரு கணக்குதான்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்கய்யா" என்றார்.

கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் ராமுத்தாயியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், வண்டி ஓட்டவே கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பாதம் தோல் தடித்த இடம். அதில் நரம்பு தொட்டால் யாருக்குத்தான் தெரியும்?

அக்டோபர் 22

காலையில் பாய் பையோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் பானெட்டைத் திறந்தார்.

"யாரக் கேட்டுக் கை வைக்கிறீங்க?"

"என்னைய. கூட்டி வச்சவன் நான்தான."

மூன்று மணி நேரம் வேலை செய்தார். டர்போ கம்பியைப் பழைய நீளத்துக்கு விட்டார், பம்பைப் பழையபடி திருப்பினார், புகைக் குழாய்க்கு அடியில் புதுத் தகரம் அடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ராமுத்தாயி ஒற்றைக் கையால் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"கடையில வந்து ஒக்காரு காசி. வர்ற வண்டிய ஓட்டிப் பாத்துச் சொல்ல ஆளில்ல எனக்கு" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். குடிக்கவில்லை.

அக்டோபர் 24

இரண்டு நாளாகத் தங்கமலைதான் போய் வருகிறான். நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். போகிறவன் வருகிறவனெல்லாம் "என்ன, வண்டிக்குப் போகலையா?" என்கிறான். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டாத காசிமாயனை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பயமாக இருக்கிறது.

இன்று மூட்டை இல்லாமல் மத்தியானம் வண்டி வாசலில் சும்மா நிற்கும்போது ஏறி உட்கார்ந்து பார்த்தேன். செருப்புப் போட்டுக்கொண்டேன். மிதியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்தால் சரியாக வருகிறது. பாதி என்றால் பாதி, முழுசு என்றால் முழுசு. ரோட்டையும் பார்க்க வேண்டும், மிதியையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். செட்டிங்கும் பழையபடி ஆகிவிட்டது, இனிமேல் பாயாது. மெதுவாகப் போனால் போதும். திங்கட்கிழமை வரவேண்டாம் என்று தங்கமலைக்குப் போன் செய்துவிட்டேன்.

அக்டோபர் 26

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விடியுமுன் நான் வண்டியைக் கிளப்பியபோது ராமுத்தாயி தடுக்கவில்லை. சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் முகம் கழுவி, பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்று நினைத்தேன். சிலமலை ஊர்மந்தையில் பெண்கள் ஏறும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், செவனம்மாள் கைகொடுக்க, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் ஏறுகிறாள். வீட்டிலிருந்து அதுவரை குறுக்குப் பாதையில் நடந்தே வந்திருக்கிறாள்.

இறங்கிப் போய், "எங்க ஏறுற?" என்றேன்.

"வேலைக்கு."

"ஒடைஞ்ச கைய வச்சுக்கிட்டா? ஏலக்கா பறிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"ஒத்தக் கையால பறிக்கிறேன்." குரலை உயர்த்தவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போனா நானும் இவுகளோட வாரேன். அம்புட்டுத்தாங்க. எடுங்க வண்டிய."

செவனம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியும், வேண்டாம் அண்ணே, இறங்கிக்கொள்கிறோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். போடி வரை சமதளம். மிதியைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மிதியைப் பார்த்தேன். போடி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். பிரேக்கில் கால் வைத்தேனா, ஆக்சிலேட்டரில் வைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரேக்கில்தான் இருந்தது. பால்காரர் போய்விட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் குனிந்து பார்த்த அந்த நேரம் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சமதளத்தில் அது. மெட்டில் என்றால் என்ன ஆகியிருக்கும்?

என் காலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடு தெரியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை, மிதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பல மாதமாகத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

முந்தலில் தங்கமலை வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஹாரன் அடித்தேன். பல் விளக்கிக்கொண்டே வந்தான்.

"என்ன மச்சான், வர வேணாம்னீகளே?"

"வாயக் கொப்பளிச்சிட்டு ஏறு மாப்ள."

"எங்க?"

"ஓட்டுற எடத்துல."

அவன் என்னைப் பார்த்தான், பின்னால் அக்காளைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்கார மனசு வரவில்லை. கையும் காலும் சும்மா இருக்காது. பின்னால் போனேன். ஏற முடியாமல் திணறியபோது இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக வண்டியின் பின்னால் உட்கார்ந்தேன், கடைசிக் கதவில் முதுகைச் சாய்த்து, ராமுத்தாயிக்கு எதிரில்.

முதல் வளைவு திரும்பியதும் டர்போ விசில் கேட்டது. வளைவுக்கு வளைவு எல்லோருடைய பாரமும் என் மேல் சரிந்தது. முதுகு கதவில் அழுந்தியது, இடுப்பு அழுந்தியது. அங்கெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏழாவது வளைவில் கியர் இறக்குவான் என்று காத்திருந்தேன். இறக்கவில்லை. இரண்டாம் கியரிலேயே, புகையில்லாமல், அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியது. வண்டிக் கம்பெனியில் வைத்து அனுப்பிய அதே செட்டிங்தான். இந்த ஒன்றரை மாதமாக அதன் மேல் பழி போட்டு, திருகைத் திருப்பி, கம்பியைக் குறைத்து, அதை வேகவைத்திருக்கிறேன்.

அழுதேன். பெண்கள் பார்க்க அழுதேன். ராமுத்தாயி நல்ல கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததைப் பார்த்தேன்.

"என்னண்ணே?" என்றாள் செவனம்மாள். "என்னா பண்ணுது?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல ஆத்தா" என்றேன். "எனக்குத்தான்."